வேண்டும்போது வந்து சேரும் வட்டு

மாந்தோப்பு வைத்திருப்போர்க்கு ஒட்டுக்கட்டுதல் புதிய செய்தியன்று. வேரூன்றி நிற்கும் கன்றில் வேறொரு மரத்தின் கிளையைப் பொருத்திக் கட்டினால், நாளடைவில் இரண்டும் ஒரே மரமாகி விடுகின்றன. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம், வட்டுகளைக் கையாளும் முறையும் ஏறக்குறைய இதுவே. கணிப்பொறியிலுள்ள கோப்புகள் அனைத்தும் அங்கே ஒரே மரம். அதற்கு ஒரே வேர். விண்டோஸில் போல ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்தைப் பெயராக இட்டுத் தனித்தனியே நிறுத்துவதில்லை. மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அடைவின்மேல் புதிய வட்டை ஒட்டிவிடுகின்றனர். இருவரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இம்முறை விளக்கப்பெற்றிருக்கிறது. இதனை ‘மவுண்ட்’ என்பர். நாம் ‘ஏற்றுதல்’ என்று சொல்லிக்கொள்வோம்.

பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவரிற் பலருக்குக் கணிப்பொறியே தொழில். அத்தொழிலைச் சாராதவரும், ஊரிலிருக்கும் பெற்றோரின் படங்களையும், வீட்டுப் பத்திரத்தின் நகலையும், மறைந்துபோன பாட்டியின் குரலையும் ஒரு கையகல வட்டில் அடக்கி மேசையிழுப்பில் வைத்திருக்கின்றனர். ஆகவே அவ்வட்டு மரத்தோடு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது நமக்கு அற்ப விஷயமன்று.

ஒட்டப்படாத வட்டினால் நேரும் தீங்கைச் சற்றுப் பார்ப்போம். நாள்தோறும் இரவு இரண்டு மணிக்குப் படங்கள் அனைத்தையும் வெளிவட்டில் நகலெடுக்கும்படி ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஒருநாள் வீட்டைப் பெருக்கும்போது வட்டின் கம்பி கழன்றுவிடுகிறது. வட்டு போய்விட்டது, அது ஒட்டியிருந்த அடைவோ காலியாக அங்கேயே இருக்கிறது. நகலெடுக்கும் நிரலுக்கு இவ்வேறுபாடு தெரியாது. கட்டளைப்படி அந்த வெற்று அடைவிலேயே, அதாவது மூலப்படங்கள் இருக்கும் அதே உள்வட்டிலேயே, நகல்களைக் கொட்டுகிறது. எந்த முறையீடும் எழுவதில்லை. உள்வட்டு நிரம்பிக் கணிப்பொறி தடுமாறினால் அதனை நல்லகாலம் என்றே சொல்லவேண்டும். நிரம்பாவிட்டால், உள்வட்டு பழுதாகும் நாளன்றுதான் வெளியே நகல் இல்லையென்பது தெரியவரும்.

எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்னும் குறிப்பு, லினக்ஸில் ‘எஃப்எஸ்டேப்’ என்ற சிறு கோப்பில் இருக்கிறது. வட்டுக்கு ஒரு வரி. வரிக்கு ஆறு பகுதிகள். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸிலும் முறை இதுதான். கணிப்பொறி விழித்தெழும்போது இக்கோப்பைப் படித்து, குறித்த வட்டுகளை எல்லாம் ஏற்றிவிடும். குறித்த வட்டு வாராவிட்டாலோ, இக்காலத்து லினக்ஸ் பெரும்பாலும் தொண்ணூறு விநாடி காத்திருந்து, பிறகு நெருக்கடி நிலை என்று அறிவித்து நின்றுவிடும். இழுப்பில் உறங்கும் ஒரு வட்டுக்காக வீட்டுக் கணிப்பொறி முழுவதும் வேலைநிறுத்தம் செய்வது வேடிக்கைதான். ‘நோஃபெயில்’ என்ற சொல்லை அவ்வரியில் சேர்த்தால் நிற்காது போய்விடும். ஆனால் முன்னே சொன்ன வெற்று அடைவின் அபாயம் அப்படியே இருக்கும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே தானியங்கி ஏற்றம். 1988-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் சன்ஓஎஸ் நான்காம் பதிப்பில் இதனை வழங்கியது. பல கணிப்பொறிகள் வலையமைப்பின் வழியே பொதுவான வட்டுகளைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. எல்லா வட்டுகளையும் எப்போதும் ஏற்றி வைத்திருந்தால், எங்கோ ஒரு வழங்கி நின்றதும் அதனைச் சார்ந்த கணிப்பொறிகளும் உறைந்து நிற்கும். ஆகவே, ஓர் அடைவை யாரேனும் நாடும்போது மட்டும் உரிய வட்டை ஏற்றுவது, நாடுவார் இல்லையெனில் சிறிது நேரத்தில் இறக்கிவிடுவது என்று வகுத்தனர். ஒருவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் அவருடைய ‘ஹோம்’ என்னும் இல்ல அடைவு அங்கே வந்து சேரும். வீடே ஆளைத் தேடி வருகிற இந்தப் பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லை. நாம் பண்டிகைதோறும் இரயிலேறியாக வேண்டியிருக்கிறது!

லினக்ஸில் ‘ஆட்டோஎஃப்எஸ்’ இவ்வேலையைச் செய்கிறது. 2010-இல் தோன்றிய ‘சிஸ்டம்டி’ வந்தபின் எஃப்எஸ்டேப் வரியில் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்று ஒரு குறிப்பைச் சேர்ப்பதே போதுமானதாகிவிட்டது. சும்மா இருக்கும்போது இறக்கவும் வேண்டுமாயின், ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்’ என்று கால அளவையும் குறிக்கவேண்டும். வட்டை அதன் நிலையான அடையாள எண்ணாகிய ‘யூயூஐடி’யால் சுட்டுவது நலம், செருகும் வரிசை மாறினால் சாதாரணப் பெயர்கள் இடம் மாறிவிடக்கூடும்.

தானியங்கி ஏற்றத்தைப் பலரும் சௌகரியத்திற்காகவே புகழ்கின்றனர். நம் கருத்தில் அதன் சிறப்பு வேறு. அதனால் காக்கப்படும் அடைவு வெற்று அடைவாகக் காட்சியளிப்பதில்லை. நகல் நிரல் அதனை நாடியதும் கணிப்பொறி வட்டைத் தேடுகிறது. கிடைக்காவிடில் சிறிது காத்திருந்து, பிழையென்று திருப்பியனுப்புகிறது. நகல் வேலை அப்போதே தோல்வியுறுகிறது. மறுநாட் காலையிலேயே கம்பியைச் சரிசெய்துகொள்ளலாம்.

இன்னும் ஓர் ஏற்பாடு செய்துகொள்வதும் எளிது. வெளிவட்டிற்குள் ஒரு சிறு கோப்பை அடையாளமாக வைத்து, அது கண்ணிற்பட்டால் மட்டுமே நகலெடுக்கும்படி நிரலைப் பணித்துவிடலாம். வேறு வட்டைத் தவறிச் செருகியிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும்.

நேயர்கள் இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறொன்றும் உண்டு. பென்டிரைவைச் செருகியதும் திரையில் தானே தோன்றுகிறதே, அது செருகியவுடன் ஏற்றும் முறை. நாடும்போது ஏற்றும் முறையன்று. அது தானாக இறங்காது. லினக்ஸ் எழுதவேண்டியதை உடனே வட்டில் எழுதாமல் வழக்கமாக முப்பது விநாடி வரையிலும் நினைவகத்தில் தேக்கி வைப்பதுண்டு. அதற்குள் பிடுங்கினால் கடைசியாகச் சேர்த்த படங்கள் பாழாகலாம். எனவே திரையிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பின்னரே அதனைக் கழற்றவேண்டும்.