விண்டோ விரியும் நேரம்



கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படம் சின்னதாகத் தெரிகிறதே என்று முழுத்திரை பட்டனை அழுத்துகிறீர்கள். விண்டோ விரிந்து திரையை நிறைக்கிறது. இதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஆனால் அந்தச் சிறு அசைவை எப்படி அமைப்பது என்று யாரோ ஒரு புரோகிராமர் மெனக்கெட்டு யோசித்திருப்பார். அது வெறும் அலங்காரம் இல்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அது பார்ப்பவருடைய கண்ணுக்குச் செய்யும் உதவி.

அசைவே இல்லாமல் திரை சட்டென்று மாறினால் என்ன என்று கேட்கலாம். 1997இல் ரொனால்டு ரென்சிங்க் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புகைப்படத்தைக் காட்டினார்கள். பிறகு ஒரு கணம் வெற்றுத் திரை. அடுத்து அதே புகைப்படம், ஆனால் அதில் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். இதை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மாற்றம் பெரியதாக இருந்தும் அதைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள் திணறிப்போனார்கள். நடுவில் வந்த வெற்றுத் திரை கண்ணின் பிடியை அறுத்துவிட்டது. முழுத்திரைக்குப் போகும்போது திரை ஒரு கணம் கறுத்து மீண்டால் நமக்கும் அதே கதிதான். படித்துக்கொண்டிருந்த வரி எங்கே, பட்டன் எங்கே என்று மறுபடி தேட வேண்டியிருக்கும்.

இதற்கு வழி கார்ட்டூன் கலையிலிருந்து வந்தது. டிஸ்னி ஸ்டுடியோவில் பல காலம் படம் வரைந்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இரண்டு கலைஞர்கள், அசைவுக்கான 12 விதிகளை 1981இல் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். அவற்றில் ஒன்று: எந்தப் பொருளும் மெதுவாகக் கிளம்ப வேண்டும், நடுவில் வேகம் பிடிக்க வேண்டும், மெதுவாக வந்து நிற்க வேண்டும். 1993இல் பே-வெய் சாங், டேவிட் அங்கர் என்ற இருவர், கார்ட்டூனின் இந்த உத்திகளைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவரலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இன்று விண்டோ விரிவதும் சுருங்குவதும் பெரும்பாலும் அந்த விதிப்படிதான்.

மேக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் லயன் என்ற இயங்குதளப் பதிப்பை வெளியிட்டது. எந்த அப்ளிகேஷனும் முழுத்திரைக்குப் போவதற்கான பொது ஏற்பாடு அதில்தான் வந்தது. விரியும் அனிமேஷனைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். வேண்டுமென்றால் அப்ளிகேஷனை எழுதுபவர் தன் சொந்த அனிமேஷனையும் வைத்துக்கொள்ளலாம். எந்த விண்டோக்கள் அசையப்போகின்றன என்று கம்ப்யூட்டர் முதலில் அப்ளிகேஷனைக் கேட்கும். பட்டியல் எதுவும் கொடுக்காவிட்டால் வழக்கமான அனிமேஷன் ஓடும். கொடுத்தால், இத்தனை நேரத்துக்குள் முடித்துக்கொள் என்று ஒரு கால அளவைச் சொல்லிவிட்டுப் பொறுப்பை அப்ளிகேஷனிடம் விட்டுவிடும்.

சொந்த அனிமேஷன் எதற்குத் தேவைப்படுகிறது? வீடியோ பிளேயரையே பாருங்கள். வீடியோவின் அகலமும் உயரமும் பெரும்பாலும் 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும். மேக் லேப்டாப் பலவற்றின் திரை 16க்கு 10. முழுத்திரையில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுவது இதனால்தான். இப்போது விண்டோவின் படத்தை அப்படியே திரையின் மூலைவரை இழுத்துப் பெரிதாக்கினால், நடிகரின் முகம் ஒரு கணம் நீண்டு, கடைசியில் வெடுக்கென்று பழைய வடிவத்துக்குத் திரும்பும். கண்ணை உறுத்துவது அந்த வெடுக்குதான். நல்ல புரோகிராமர் என்ன செய்வார்? படத்தையும் பின்னணியையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வார். பின்னணியில் கறுப்பு நாலாபக்கமும் பரவும். படம் தன் விகிதம் குலையாமல் வளரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். முகம் முகமாகவே இருக்கும்.

கட்டுரை வாசிக்கும் அப்ளிகேஷன் என்றால் கணக்கே வேறு. அங்கே எழுத்துகளை இழுத்துப் பெரிதாக்கினால் அவை மங்கிவிடும். எழுத்து இருந்த அளவிலேயே நிற்கட்டும், சுற்றியுள்ள தாள் மட்டும் விரியட்டும். வாசகரின் பார்வை இருந்த வரியிலேயே இருக்கும்.

இடையில் தடங்கலும் வரலாம். வேறொரு அனிமேஷன் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டால், முழுத்திரைக்குப் போகும் முயற்சி பாதியில் நின்றுபோகக்கூடும். அப்போது அனிமேஷனுக்காக மறைத்துவைத்த விண்டோவைப் பழையபடி கொண்டுவருவதும் எழுதுபவரின் கடமை. அதை மறந்தால் உபயோகிப்பவருக்கு முன்னால் வெறும் திரைதான் மிஞ்சும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. திரையில் பெரிதாக ஏதாவது அசைந்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். உடல் அசையவில்லை என்று உட்காது சொல்கிறது, அசைகிறது என்று கண் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 பதிப்பு வந்தபோது, திரையில் எல்லாம் பாய்ந்து வருவதும் போவதும் தாங்கவில்லை என்று பலர் புகார் சொன்னார்கள். அடுத்த மாதமே, பாய்ச்சலுக்குப் பதிலாகப் படம் மெல்ல மங்கி மாறும் வசதியை ஆப்பிள் கொடுத்தது. 2016இல் வந்த சியரா பதிப்பில், அசைவைக் குறைக்கும் வசதி மேக்குக்கும் வந்தது.

ஆனால் ஒரு விஷயம். கம்ப்யூட்டரின் சொந்த அனிமேஷன்கள் அந்த விருப்பத்தை மதிக்கும். நீங்கள் எழுதும் அனிமேஷன் தானாக மதிக்காது. இவர் அசைவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரா என்று உங்கள் அப்ளிகேஷன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால், அழகுக்காகச் செய்தது ஒருவருக்கு நோவாக முடியும்.

புரோகிராம் எழுதும் இளைஞர்களே, அனிமேஷனைத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் பார்ப்பவரின் கண் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது? அசைவு வேண்டாம் என்கிறவருக்கு நான் என்ன வைத்திருக்கிறேன்? இரண்டுக்கும் பதில் இருந்தால் மட்டும் சொந்தமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் தருவதே போதும்.

கம்ப்யூட்டரை உபயோகிக்கும் நேயர்களே, விண்டோ விரியும்போது உங்களுக்குத் தலை சுற்றினால் வயதைக் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய், அசைவைக் குறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். விண்டோஸிலும் செல்போனிலும்கூட இப்படி ஒரு வசதி உண்டு. அது யாரும் உங்களுக்குக் காட்டும் சலுகை அல்ல, உங்கள் உரிமை.