வெயிலும் மழையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோடை நன்றா, மாரி நன்றா என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நம் நாகபுரிக் காலனியில் இவ்வழக்கு நெடுநாளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. இராமநாதபுரத்துச் சீமையில் பிறந்தோர் வெயிலை உறவினர் போல் வரவேற்கின்றனர். ஆனி ஆடியில் குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த தென்காசியாரோ, ஏப்ரல் பிறந்ததுமே வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர்.

வெயிற் கட்சியார் கூறுவது யாது? துவைத்த துணி ஒரு நாழிகையில் உலரும், வடகமும் வற்றலும் மொட்டைமாடியில் தாமே காயும், மாம்பழம் கிடைக்கும், பள்ளிக்கு விடுமுறை. மழைக் கட்சியார் கூறுவது யாது? உடல் குளிரும், உறக்கம் வரும், சூடான பகோடாவுக்குச் சுவை கூடும். இரண்டும் மெய்யே.

நம் முன்னோர் இவ்வழக்கில் ஒரு பக்கம் சாயவில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, கார்காலத்தை முல்லைக்கும், வேனிலைப் பாலைக்கும் உரியதாக்கினர். மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பொழுதும் உரியன என்றனர். அவர்கள் கண்ட வேனில் பிரிவின் பருவம்; கார், பிரிந்தோர் திரும்பும் பருவம். பிழைப்புக்காக வடக்கே வந்த நமக்கோ இது தலைகீழாயிற்று. மே மாதத்தில்தான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறோம்; பாட்டன் பாட்டியைக் காண்கிறோம். ஜூனில் மழையோடு மழையாகத் திரும்புகிறோம். நம் வீட்டுக் குழந்தைகள் வெயிலை விரும்புவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

மேலும், கோடை என்று ஒரே பெயரால் அழைத்தாலும் சென்னைக் கோடையும் நாகபுரிக் கோடையும் ஒன்றல்ல. ஊரில் அக்கினி நட்சத்திரம் முடியும் தறுவாயில், இங்கே மே 25 அளவில் 'நவதபா' என்னும் ஒன்பது நாள் வெயில் தொடங்குகிறது. வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ஆயினும் இங்குள்ள காற்று வறண்டது. வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. தட்டியில் நீர் வடியும் கூலர் வீட்டைக் குளிரச் செய்வதும் அவ்வாறே. சென்னையில் வெப்பம் சற்றுக் குறைவாயினும் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது; புழுக்கம் வாட்டும். ஆகவே ஊரிலிருந்து வரும் விருந்தினர் "இந்த வெயிலை எப்படிப் பொறுக்கிறீர்கள்?" என்று வினவுவதும், நாம் ஊருக்குச் சென்று "இந்தப் புழுக்கத்தை எப்படிப் பொறுக்கிறீர்கள்?" என்று வினவுவதும் ஒருங்கே நியாயமானவை.

வெயிலும் மழையும் பகைவர் என்று எண்ணுவதும் பொருந்தாது. கோடையில் நிலம் காய்வதால் அதன்மேல் காற்றழுத்தம் குறைகிறது. கடலின் ஈரக்காற்று நிலம் நோக்கி ஈர்க்கப்படுகிறது. இங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைக் காணுங்கள். மழைக்காலப் பூப்பை வேண்டும் உழவர் மே மாதத்தில் மரங்களுக்கு நீர் பாய்ச்சாமல் வாடவிடுகின்றனர். ஜூனில் மழை விழுந்ததும் அவை பூத்துக் குலுங்குகின்றன. இதனை 'மிருக் பஹார்' என்பர். காய்ந்த மரமே மழைக்குப் பூக்கிறது.

அன்பர்களே, இனி நாம் கூற விழைவதைக் கூறிவிடுகிறோம். மின்விசிறியின் கீழமர்ந்து கோப்பு எழுதும் நம்மைப் போன்றோர்க்கு வெயில் என்பது சன்னலுக்கு வெளியே நிற்பது. தண்டவாளத்தின்மேல் நடக்கும் தோழர்க்கு அது தலைமேல் நிற்பது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பம் 10 டிகிரி ஏறினால், ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளும். பற்றவைத்து இறுக்கிய தண்டவாளத்தில் அவ்வாறு நீள இடமில்லை. அந்த விசை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சரளைக்கல்லின் பிடி தளர்ந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். ஆதலால், நாம் கதவடைத்துக் கிடக்கும் பிற்பகலில்தான் அத்தோழர் பாதையை நோக்கிக்கொண்டு நடக்கிறார். மழைக்காலத்தில், நாம் போர்வை இழுத்துப் போர்த்துக்கொள்ளும் இரவில், வெள்ளம் மண்ணை அரித்ததோ என்று விளக்கேந்திப் பார்ப்பவரும் அவரே. அவரிடம் சென்று 'கோடை நன்றா, மாரி நன்றா' என்று கேட்க நமக்கு நா எழுமோ?

அவ்வளவு தொலைவு போவானேன்? மே மாதத்து நண்பகலில் அடுப்படியில் நிற்கும் நம் இல்லத்தரசியரை என்றேனும் கேட்டோமா? மேல்தளக் குடியிருப்பில் ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்துவிட்டு விழித்திருக்கும் முதியோரைக் கேட்டோமா? நாம் 'வெயில் நன்று', 'மழை நன்று' என்று கூறுவதெல்லாம் பெரும்பாலும் நம் கூரையைப் புகழ்வதேயன்றிப் பருவத்தைப் புகழ்வதன்று.

விருப்பம் அவரவர் உரிமை. அதனை விட்டுவிட வேண்டுவதில்லை. ஆனால் வெயிலை விரும்புவோர், கோடை மூன்று மாதமும் காலனி வாயிலில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் பொறுப்பை ஏற்கட்டும். பானையில் நீரும், இயன்ற நாளில் நீர்மோரும் இருக்கட்டும். மழையை விரும்புவோர், ஜூன் பிறக்குமுன் முதியோர் தனித்து வாழும் இல்லங்களுக்குச் சென்று ஒழுகும் இடங்களைக் குறித்து, செப்பனிடுவதற்கான மனுவை எழுதித் தரட்டும். மனு எழுதுவது நம் கைவந்த தொழிலாயிற்றே! அவ்வாறு செய்தால் இரு கட்சியும் வென்றனவாகும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!