வலிக்கு வேண்டியது தாயத்தா, அறிவா?

(முதலிபாளையத்தில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



ஓவர்லாக் மிஷின் முன் ஒன்றரை ஷிப்டு குனிந்திருக்கும் பெண்களில் சிலர், உடம்பெல்லாம் மாதக்கணக்காய் வலிக்கிறது, தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீரவில்லை என்கிறார்கள். படம் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. உடனே புருஷன் "நடிப்பு" என்கிறான். ஜோசியன் "சனி" என்கிறான். மந்திரவாதியோ "செய்வினை" என்று சொல்லி, ஒரு வாரக் கூலியைப் பிடுங்கிக்கொண்டு தாயத்துக் கட்டுகிறான். சனி பகவானுக்கு ஒரு கைமடிப் பெண்ணின் தோளைத் தவிர வேறு இடமே கிடைக்கவில்லையா?

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலிகளில் ஒரு வகைக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் சங்கம் இதை அடையாளங்காண 1990-லேயே விதி வகுத்துவிட்டது. மூளையும் தண்டுவடமும் நரம்புச் செய்தியைப் பெரிதுபடுத்துவதே இதற்கு முக்கிய காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். ரேடியோவில் சத்தத்தை ஏற்றி வைத்தால் மெல்லிய பேச்சும் காதைத் துளைக்கிறதல்லவா? அதுபோலத்தான். ஆகவே, படத்தில் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.

நிற்க. இதற்குப் பரிகாரம் என்னவெனில், முதலாவது அறிவு. வலிப்பதெல்லாம் உடம்பு கெடுவதன் அடையாளமல்லவென்று நோயாளிக்கு விளங்கச் சொல்ல வேண்டும். பயம் தெளிந்தால்தான் உடம்பு அசையும். இரண்டாவது உடற்பயிற்சி. சிறு நடையில் தொடங்கி, வாரந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாய்க் கூட்ட வேண்டும். ஐரோப்பிய வைத்தியர் குழு 2016-ல் வெளியிட்ட யோசனைகளில் அழுத்தமாய்ச் சிபார்சு செய்த சிகிச்சை இது ஒன்றுதான்.

மூன்றாவது, மூளையைத் தூண்டுதல். தலைமேல் ஈரப் பஞ்சு வைத்து 2 மில்லியாம்பியர் அளவு மின்சாரம் செலுத்துவது ஒரு வகை. காந்தச் சுருளால் தூண்டுவது மற்றொரு வகை. டில்லி எய்ம்ஸ் ஆராய்ச்சியாளர் 90 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்யாகவும், மறு பிரிவுக்குப் பொய்யாகவும் 20 தடவை காந்தத் தூண்டுதல் செய்தார்கள். மெய்யாய்ப் பெற்றவர்களுக்கு வலி குறைந்ததென்று 2020-ல் வெளியிட்டார்கள். எந்த மந்திரவாதியாவது இப்படி மெய்த் தாயத்தும் பொய்த் தாயத்தும் கட்டிச் சோதித்துக் காட்டியதுண்டா?

இம்மூன்றையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடுமா என்றும் சோதித்து வருகிறார்கள். முடிவுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆகையால், நாளைக்கே ஒருவன் "மூளைக்கு மின்சாரம், ஒரே வாரத்தில் குணம்" என்று போர்டு மாட்டினால், அவனையும் மந்திரவாதியோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. டாக்டர் நடக்கச் சொல்கிறார். ஒன்றரை ஷிப்டும் பார்த்து, வீட்டு அடுப்பும் பார்க்கிறவள் எப்போது நடப்பாள்? ஆண்கள் அடுப்படி வேலையில் பாதியை ஏற்பதும், கம்பெனியில் இடையிடையே எழுந்து நிற்க விடுவதும் வைத்தியமே. தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தை, தோழர்களே, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் கூலிக்கு வையுங்கள்!