கலைக்களஞ்சியத்திற்கு ஒரு வரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் இங்கே பேசத் துணிந்தது, கற்றுத் தேர்ந்தோம் என்னும் எண்ணத்தால் அன்று. தமிழ் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் முதன்முதலாக எழுதப் பழகியபோது நாம் துணைநின்றோம். அப்பொழுது கண்டறிந்தவற்றை உங்கள்முன் வைப்பதே நம் நோக்கம்.

தமிழில் கலைக்களஞ்சியம் காணும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணியை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாடு விடுதலை பெற்றபின், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இவை அறிஞர் எழுத, ஏனையோர் படித்த நூல்கள். ஒரு செய்தி பழையதாகிவிட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

2001 ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்றபோது இம்முறை மாறிற்று. படிப்பவரே எழுதலாம், எழுதியதைப் பிறர் திருத்தலாம். 2003 ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதனைத் தொடக்க காலத்திலேயே ஏற்று வளர்த்தவர் யார்? சென்னையிலோ மதுரையிலோ அமர்ந்திருந்தவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வளைகுடா நாட்டில் பணிபுரிந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அவர்கள். அப்பணிக்காகக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டின் இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 ஆம் ஆண்டில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டுச் சென்றவர் தமிழுக்கு என்ன செய்ய இயலும் என்று வினவுவோர்க்கு இதுவே விடையன்றோ?

இனி, நம் அம்மையாரைப் பற்றிக் கூறுவோம். வயது அறுபதைக் கடந்தவர். நாள்தோறும் கைப்பேசியில் தமிழ்க் கட்டுரைகளைப் படிப்பவர். ஒருநாள் நம்மிடம் வந்து, "தம்பி, ஒரு கட்டுரையில் 'கற்று கொடுத்தார்' என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் 'க்' விட்டுப்போயிற்று. யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்?" என்றார்.

"யாருக்கும் எழுத வேண்டாம், அம்மா. நீங்களே திருத்தலாம்" என்றோம்.

அவர் நம்பவில்லை. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தோம். நாம் செய்து கொடுத்தது அஃது ஒன்றே. பயனர் கணக்கைத் தொடங்கியதும் அவர். 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கத்தில் நான்கு நாள் எழுதிப் பார்த்ததும் அவர். அதன்பின் அக்கட்டுரையைத் திறந்து, 'தொகு' என்பதைத் தொட்டு, விடுபட்ட மெய்யெழுத்தைச் சேர்த்து, 'ஒற்றுப்பிழை திருத்தம்' என்று காரணமும் குறித்து வெளியிட்டார். "இதை எல்லாரும் பார்ப்பார்களா, தம்பி?" என்று வினவினார். "துபாயில் இருப்பவரும் இந்நொடியே பார்க்கலாம், அம்மா" என்றோம். அம்முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி பெரிது.

துணிவு பெற்ற அம்மையார், அடுத்து நம் ஊர்க் கட்டுரையை நாடினார். பவனை ஆற்றங்கரையில் உள்ள மோரயா கோசாவி சமாதிக் கோயிலைப் பற்றி, 'மிகவும் சக்தி வாய்ந்த கோயில். அனைவரும் கட்டாயம் சென்று வழிபட வேண்டும்' என்று எழுதினார். மறுநாள் அவ்வரிகள் அங்கில்லை. "நம்மை வேண்டாம் என்கிறார்கள் போலிருக்கிறது, தம்பி. இனி எனக்கெதற்கு?" என்று கூறிக் கைப்பேசியை ஒருபுறம் வைத்துவிட்டார்.

அன்பர்களே! புதியவர் பலரை நாம் இழப்பது இவ்விடத்திலேதான். எழுதத் தெரியாமையால் எவரும் விலகுவதில்லை. எழுதியது நீக்கப்பட்ட அன்று, ஏன் என்று சொல்ல அருகில் ஆளில்லாமையால் விலகுகின்றனர்.

நாம் அவருக்கு நம் அலுவலக வழக்கத்தைக் கூறினோம். இரயில்வேப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய எழுத்துத் தெரியுமாறு கோடிட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும். விக்கிப்பீடியாவிலும் அவ்வாறே. 'வரலாறு' என்னும் பகுதியைத் திறந்தால் எவர், எந்நாளில், எந்நேரத்தில், எதை மாற்றினார் என்பது வரிசையாகக் காணும். பழைய வடிவத்தை மீண்டும் கொணரவும் இயலும். அம்மையாரின் வரிகள் அங்கே அப்படியே இருந்தன. அருகில், 'சான்று இல்லை. நடுநிலையான நடை வேண்டும்' என்னும் காரணமும் இருந்தது.

"அம்மா, கோயில் ஆற்றங்கரையில் இருப்பது செய்தி, கட்டாயம் வழிபட வேண்டும் என்பது உங்கள் அன்பு. கலைக்களஞ்சியம் செய்தியைத்தான் ஏற்கும், அதற்கும் நூற்சான்று கேட்கும்" என்று விளக்கினோம். 'உரையாடல்' பக்கத்தில் அவர் தம் ஐயத்தைக் கேட்டார். கனிவான விடை வந்தது.

இனிதான் அரிய செயல் நிகழ்ந்தது. அம்மையாருக்கு மராட்டி பேச வரும், படிக்க வராது. பெயரனுக்கு மராட்டி படிக்க வரும்; தமிழ் எழுத்துத் தெரியாது. பெயரன் நூலகத்திலிருந்து மராட்டி நூலொன்றைக் கொணர்ந்து படித்துப் பொருள் கூற, பாட்டியார் தம் சொந்த நடையில் இரண்டு வரிகள் எழுதி, நூலின் பெயரையும் பக்கத்தையும் சான்றாகக் குறித்தார். அவ்வரிகள் நிலைத்தன. "நான் படித்துச் சொன்னது இதில் எங்கே இருக்கிறது, பாட்டி?" என்று கேட்ட சிறுவன், விரலால் தொட்டு எழுத்துக் கூட்டி 'மோரயா' என்னும் சொல்லைப் படித்தான். அச்சிறுவன் தானே விரும்பிப் படித்த முதல் தமிழ்ச் சொல் அது. நாம் தமிழைக் காப்பது எப்படி என்று ஆண்டுதோறும் இம்மேடையில் கேட்கிறோமே, அதற்குரிய விடைகளுள் இதுவும் ஒன்று.

ஆதலின், புதியவர்க்குத் துணைநிற்போர் கருத வேண்டியவை சில. முதலாவது, கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நாம் செய்து காட்டினால் நமக்குத்தான் பழக்கமாகும். இரண்டாவது, ஓர் ஒற்றுப்பிழையில் தொடங்குங்கள். முதல் நாளிலேயே விதிகள் அனைத்தையும் ஒப்பிக்காதீர்கள். மூன்றாவது, பிறர் நூலை வரிக்குவரி படியெடுத்தல் ஆகாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அது பதிப்புரிமைக்கு மாறானது. நான்காவது, அவர் எழுதியது நீக்கப்படும் நாளில் அவர் இல்லத்திற்குச் செல்லுங்கள். நமக்கும் விளங்காதது உண்டெனில், 'ஆலமரத்தடி' என்னும் பொது மன்றப் பக்கத்தில் கேட்கலாம்.

எழுதுவதற்குச் செய்தி இல்லை என்று எண்ண வேண்டா. 1897 ஆம் ஆண்டில் புணேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் இது. அருகிலுள்ள பிம்பரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் மருந்துத் தொழிற்சாலை 1954 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மராட்டி நூல்களில் உள்ள இவ்வூர்ச் செய்திகளைத் தமிழுக்குக் கொணரும் வாய்ப்பு, இரு மொழிக்கும் இடையே வாழும் நம் குடும்பங்களுக்கு உண்டு. தஞ்சையிலும் நெல்லையிலும் இருப்போர்க்கு அது எளிதன்று.

வீட்டுக்கு ஒருவர், ஆண்டுக்கு ஒரு வரி எழுதினாலும் போதும். எழுத அஞ்சுவோர் நம்மிடம் வரலாம். முன்னரே எழுதிய அந்த அம்மையாரிடமும் செல்லலாம். அவர் இப்பொழுது மற்றுமொரு தாயாருக்குக் கற்றுக் கொடுத்து வருகிறார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!