அரையாண்டின் முதல் வாரம்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். அது பெரிய விஷயம். அதில் நாம் நன்கு அறிந்த சிறு துண்டொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். விடுமுறை முடிந்து புதிய அரையாண்டு தொடங்கும் அந்த ஒரு வாரம். செமஸ்டர் என்று நாம் சொல்வதும் இதுதான். தோட்டத்தில் இதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. "எப்போது முடித்து உத்தியோகம் பார்ப்பாய், தம்பி?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எம்மிடம் இன்னும் விடையில்லை. ஆகவே கேளாத கேள்விக்கு விடை சொல்ல வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பயணம் தொடங்கும். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்கப் பஸ் இரத்தினபுரிக்கு வரும்போதே நிறைந்துவிடும். யட்டியாந்தோட்டை, தெஹிஓவிட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அவிசாவளைக்கு வந்து, அங்கே மாறி ஏற வேண்டும். எமது பாட்டன்மார் காலத்தில் அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை சிறு புகையிரதம் ஓடிற்று. 1976இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஓடியிருந்தால் பாதி வழியாவது உட்கார்ந்து போயிருப்போம். இப்போது பெல்மதுளை, பலாங்கொடை தாண்டும் வரை நின்றுகொண்டே போகிறோம். பையிலே வறுத்த அரிசிமா, இடித்த மிளகாய்த்தூள், கருவாடு, ஒரு பொட்டலம் தேயிலை. தேயிலையைக் கண்டால் விடுதி நண்பர்கள் எம்மைச் சூழ்ந்துகொள்வார்கள். அதைக் கொய்த கைகளைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. நாமும் முதலாம் வருடத்தில் சொல்லவில்லை. இப்போது கேளாமலே சொல்கிறோம்.

பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் 1995இல் நிறுவப்பட்டது. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டிருந்த கட்டடங்களிலே அது ஆரம்பமாயிற்று. வேலையாட்கள் தங்கிய இடம் பின்பு விரிவுரை மண்டபமானது எமக்கு மிகவும் பிடித்த செய்தி. லயக் காம்பராவில் படித்து வந்தவர்களுக்கு அது பொருத்தமான இடம்தானே!

மிஷன் பாடசாலையில் மணி அடித்தவுடன் வரிசையில் நின்று பழகியவர் நாம். பல்கலைக்கழகத்தில் மணி கிடையாது. திங்கட்கிழமை காலையில் நேரசூசி ஒட்டிய பலகைக்கு முன்னே கூட்டம். புதன்கிழமை அது மாறிவிடும். வந்தவர் வந்தார், வராதவர் வரவில்லை. யாரும் வீட்டுக்குக் கடிதம் போடப் போவதில்லை. இந்தச் சுதந்திரம் சிலருக்குத் தேன். எமக்கு முதலில் பயமாகவே இருந்தது.

மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். அங்கே நாமும் தடுமாறுகிறோம், யாழ்ப்பாணத்து நண்பரும் தடுமாறுகிறார், சிங்கள நண்பரும் தடுமாறுகிறார். ஆனால் பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம் வேண்டும். ரோட்டோரத்திலும் சந்தையிலும் கற்ற எமது சிங்களம் அப்போது எல்லோருக்கும் உதவும். எமது தமிழைக் கேட்டுச் சிரித்தவரும், வாடகை அறை தேடும்போது எம்மையே அழைத்துப் போவார். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்ததால் அது ஒழிந்ததென்று நாம் சொல்லமாட்டோம். பெற்றோர் பிள்ளையின் குரலைத் தொலைபேசியில் கவனமாகக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே எமது வேண்டுகோள்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். சபையிலே பேசக் கூசும் விஷயம்தான். ஆயினும் இதைச் சொல்லவே நாம் எழுந்தோம்.

எம்மில் பலர் இறப்பர் மரத்தினால் படிப்பவர்கள். விடியுமுன் பால் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டவே முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் நீரோடு கலந்து போய்விடும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நாளில் பெயர் விழாது. 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படை 1350 ரூபாவாகவும் சம்பளம் உயர்ந்ததென்று பத்திரிகையில் படித்தோம். பெயர் விழுந்தால்தானே அந்தக் கணக்கு! அரையாண்டு தொடங்கும் நாளை மழை பார்த்து வைப்பதில்லை.

மஹாபொல இருக்கிறதே என்பீர்கள். 1981இல் தொடங்கிய அந்த நிதியம் இல்லாவிட்டால் எம்மில் பாதிப்பேர் இங்கே பேச வந்திருக்க மாட்டார்கள். மாதத் தொகை 5000 ரூபாவாக இருந்தது, 2025இல் 7500 ஆயிற்று. ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லும். அதற்கிடையில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்றிருந்தால், இன்னும் தாமதம். எந்தக் காலத்திலோ எந்த எழுதுவினைஞரோ எழுதிய பிழைக்காக நாம் அலைகிறோம். முத்துவை மூத்துவாக்கியவர் இன்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்!

எம்முள் ஒருவரின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். அவர் அனுமதி தந்திருக்கிறார். முதலாம் வருடத்தின் இரண்டாம் அரையாண்டு தொடங்கியபோது அவர் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. தந்தைக்கு அந்த மாதம் பதினொரு பெயர்தான் விழுந்ததாம். பஸ் காசும் முதல் மாதச் சாப்பாட்டுக் காசும் தேடிக் கொழும்பில் ஒரு கடையில் நின்றிருக்கிறார். முப்பத்தைந்து நாள் கழித்து வந்தார். பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும். இரண்டு பாடங்களில் வரவு போதவில்லை. மறுவருடம் தம்பிமாரோடு உட்கார்ந்து அவற்றைத் திரும்பப் படித்தார். அவருக்கு அறிவு குறைவில்லை. எமது வகுப்பில் கணக்கு நன்றாகச் செய்பவர் அவர்தான். அவர் தேடியது சுமார் எட்டாயிரம் ரூபா.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது 1970களில். இன்று இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டு, பல்கலைக்கழக அனுமதியில் அதற்குரிய சிறு ஒதுக்கீட்டில் பங்கு பெறுகிறது. கேகாலைக்கு அதுவும் இல்லை. இத்தனை படி ஏறி வந்தவர் எட்டாயிரம் ரூபாவில் தடுக்கி விழலாமா?

மன்றம் புலமைப்பரிசில் தரவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒரு பெட்டி போதும். அரையாண்டு தொடங்கும் முன் கடனாகக் கொடுத்து, மஹாபொல வந்தபின் திரும்ப வாங்குங்கள். "கொடுத்த காசு வருமா?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. எம்மில் மூன்றாம் வருடத்தில் இருப்பவர் மூவர் பிணை நிற்கிறோம். எமது பெயர்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எம்மில் நால்வர் புறப்படுகிறோம். ஐந்தாமவர் புதியவர், முதல் முறையாகப் போக வேண்டியவர். வருகிறாரா என்று இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் தெரிந்தால் அவருக்கும் பஸ்ஸில் இடம் பிடித்து வைப்போம்.