செவியே ஆசான்



ஸ்பானிய மொழியில் சொற்களை இணைக்க ‘இ’ என்னும் இடைச்சொல் வழங்குகிறது. நம் ‘உம்’ போன்றது. தந்தையும் தாயும் என்பது ‘பாத்ரே இ மாத்ரே’. ஆயின் தந்தையும் மகனும் என்னுமிடத்து, ‘பாத்ரே எ இஹோ’ என்பர். இரண்டு இகரங்கள் அடுத்து வந்தால் ஒன்றில் ஒன்று மறைந்துவிடுமன்றோ? அவ்வாறே ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஒ’, ஒகர ஒலியின்முன் ‘உ’ ஆகும். ஏழு அல்லது எட்டு என்பது ‘சியேத்தே உ ஓச்சோ’.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘இஹோ’ என்னும் சொல்லை எழுதுங்கால் ஒலியாத ஹகரம் முதலில் நிற்கிறது. விதி அதனைப் பொருட்படுத்துவதில்லை. பனிக்கட்டியைக் குறிக்கும் ‘யேலோ’வும் ஹகரமும் இகரமும் முன்னிற்க எழுதப்படுவதே. ஆயினும் வாயில் யகரமாய் ஒலித்தலின், நீரும் பனிக்கட்டியும் என்பது ‘ஆகுவா இ யேலோ’ என மாறாது நிற்கிறது. கண் கண்ட எழுத்தன்று, செவி கேட்ட ஒலியே விதியை நடத்துகிறது.

இது நமக்குப் புதிதன்று. மயிலும், கிளியும், பூவும் என்கிறோம். கிளிக்கு யகரமும் பூவுக்கு வகரமும் உடம்படுமெய்யாக வருவதை இலக்கணம் பின்னரே கற்பிக்கிறது. குழந்தை முன்னரே பேசிவிடுகிறது.

வேற்றுமொழி சூழ்ந்த இந்நகரில் நம் மக்கள் எழுத்தை ஏட்டில் கற்கலாம். ஒலியை வீட்டில்தான் கற்க இயலும். கேளாத செவிக்கு விதி சுமை. கேட்ட செவிக்கு விதியே வேண்டா. ஆதலின் உணவு வேளையிலேனும் நம் இல்லங்களில் தமிழ் ஒலிக்கச் செய்வோமாக.