எதிர்ப்பொருள் சிகிச்சையும் நம் ஊர்க் காசநோயும்



முடக்குவாத மருத்துவர்கள் கூடியிருக்கும் மாநாட்டில் காசநோய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

1980களில் லண்டன் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் தம் குழுவினரோடு முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்வுத் திசுவை வளர்த்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தூண்டும் புரதங்கள் அதில் பல இருந்தன. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று அந்த வேலையைச் செய்துவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தைத் தடுத்ததும் இன்டர்லூகின்-1 என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் சேர்ந்து அடங்கியது. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் எதிர்ப்பொருளும் கைவசம் இருந்தது. நியூயார்க்கில் யான் வில்செக்கின் ஆய்வகத்தில் பிறந்து, செப்சிஸுக்கென்று சென்டோகார் நிறுவனம் உருவாக்கியது அது. செப்சிஸில் இவ்வகை மருந்துகள் கைகொடுக்கவில்லை. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், வேறு மருந்துகளுக்கு மசியாத முடக்குவாத நோயாளிகளுக்கு அதை ஏற்றினார்கள். வீக்கமும் வலியும் விரைவிலேயே குறைந்தன. அதுதான் இன்று நாம் எழுதித் தரும் இன்ஃப்ளிக்ஸிமாப். ஒரு நோயில் தோற்ற மருந்து இன்னொரு நோயின் போக்கையே மாற்றியது.

2001இல் வந்தது எச்சரிக்கை. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் என்று அமெரிக்காவிலிருந்து அறிக்கை வெளியானது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியிலும் நோய் இருந்தது. காரணம் புரியாததல்ல. உறங்கும் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் எழுப்பும் சுவர் நிற்பதே டி.என்.எஃப். துணையால்தான். நாம் ஊசி போட்டு அந்தத் துணையை எடுத்துவிடுகிறோம். என்னை உறுத்துவது வேறொன்று: அந்த 70 பேரில் 64 பேர், காசநோய் அரிதான நாட்டவர்கள். அங்கேயே அப்படியென்றால் இங்கே?

மருந்து தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்கிறோம். ஆனால் நம்மிடம் வருகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தவர். அவர் உடலில் கிருமி இருந்தாலும் தோல் தடிக்காமல் போகலாம். 'நெகட்டிவ்' என்ற தாளை அவ்வளவு நம்பிவிட முடியாது.

விலை விஷயம் சுருக்கமாக. 2014இல், இன்னொரு டி.என்.எஃப். தடுப்பு மருந்தான அடாலிமுமாபின் உலகின் முதல் பயோசிமிலரை இந்திய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இன்றும் எட்டாத மருந்துதான். பணமில்லாமல் பாதியில் நிறுத்துகிறவர்களை நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள். நோய் அடங்கியபின் ஊசிகளின் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்ற ஆய்வு நமக்குப் புதிய மூலக்கூறு ஒன்றைவிட அவசரமானது என்பேன். மருந்து நிறுவனங்கள் அதற்குப் பணம் தரப்போவதில்லை, நாம்தான் செய்ய வேண்டும்.

நாம் கூடியிருப்பது சென்னையில். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த மரபு உள்ள ஊரில் முடக்குவாதத் துறையும் காசநோய்த் துறையும் தனித்தனிக் கோப்புகளோடு இயங்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே இன்று கட்டுரை வாசிப்போரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குக் காசநோய் வந்தது, மருந்து தொடங்கி எத்தனையாவது மாதத்தில்? விடையோடு மேடைக்கு வாருங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.